மொழி அல்லது அதற்கு ஈடானது

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாணவியிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டப் படிப்பு, முதல் ஆண்டு முடியப்போகிறது. "அக்கா, ஒரு சின்ன சந்தேகம். அயல்மொழித் தேர்வு எழுதலாம், இல்லாட்டி அதுக்கு ஈடா இன்னொரு புள்ளியியல் கோர்ஸ் எடுக்கலாம்னு போட்டிருக்கு. எது சுலபம்?" கூடவே படிவத்தின் படத்தையும் அனுப்பியிருந்தாள். இரண்டு சதுரக் கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்து, நெறியாளரிடம் கையெழுத்து வாங்கி, துறை அலுவலகத்தில் கொடுத்தால் வேலை முடிந்தது. "புள்ளியியல்தான்மா சுலபம்" என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். இதே கேள்வியை முதலாண்டில் நானும் ஒரு சீனியரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் யோசிக்காமல் இந்தப் பதிலைத்தான் சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, உண்மையிலேயே அது சுலபம்தான். அந்தச் சுலபம் பின்னால் என்னிடம் எதைக் கேட்டது என்பதை அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். செய்திப் பெட்டிக்குள் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கையேட்டின் வரிசை

அரசியல் அறிவியலில் டாக்டரேட் வாங்க என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களிடம் துறையின் கையேட்டைக் காட்டிவிடுவது வழக்கம். அமெரிக்க முறையில் அது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான். முதல் இரண்டு ஆண்டுகள் கோர்ஸ்வொர்க், அதாவது வகுப்புப் பாடங்கள். அமெரிக்க அரசியல், ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள், அரசியல் கோட்பாடு, ஆய்வு முறையியல் என்று பிரிவுகள் இருக்கும். அவற்றில் ஒன்று முதன்மை, இன்னொன்று துணை. நிகழ்தகவும், ஒன்று மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் ரிக்ரஷனும் பெரும்பாலான துறைகளில் எல்லோருக்கும் கட்டாயம். அப்புறம் காம்ப்ஸ், அதாவது எடுத்த பிரிவு முழுவதையும் சோதிக்கும் பெரிய தேர்வு. அதற்குரிய வாசிப்புப் பட்டியலை முதல்முறை கையில் வாங்கும்போது வயிறு கலங்கும். நூறு நூற்றைம்பது புத்தகங்களும் கட்டுரைகளும் பக்கம் பக்கமாக நீளும். கேள்வித்தாளைக் கொடுத்து ஒரு பகல் முழுக்க அறைக்குள் உட்காரவைக்கும் துறை உண்டு. இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுத்து வீட்டில் எழுதச் சொல்லும் துறையும் உண்டு. எப்படியானாலும், யார் என்ன சொன்னார் என்ற மனப்பாடம் அங்கே போதாது. யார் யாரோடு எதற்காகச் சண்டை போட்டார், அந்தச் சண்டை இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு அந்தத் தேர்வு பிடித்திருந்தது. ஒரு துறையே தலைக்குள் ஊர்போல விரிந்து கிடந்த மாதங்கள் அவை. அதுபோல் பிறகு ஒருபோதும் வாய்க்கவில்லை.

காம்ப்ஸ் தாண்டினால் 'ஆய்வேடு தவிர எல்லாம் முடிந்தவர்' என்ற பெயர். அந்த ஏபிடி நிலையிலேயே வருடக்கணக்கில் நின்றுபோனவர்கள் ஏராளம். அடுத்தது ப்ராஸ்பெக்டஸ், அதாவது ஆய்வு முன்வரைவு. என்ன கேள்வி, ஏன் அந்தக் கேள்வி, எந்தச் சான்றை வைத்துப் பதில் தேடுவீர்கள் என்று எழுதி, ஆய்வை மதிப்பிடும் பேராசிரியர்களின் கமிட்டி முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். மனிதர்களைப் பேட்டி காண்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். இது சும்மா வந்த சம்பிரதாயம் இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில், ஆய்வு என்ற பெயரில், சிஃபிலிஸ் நோய் வந்த கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தராமலே பல பத்தாண்டுகள் வேடிக்கை பார்த்த கொடுமை 1972இல் வெளியே வந்தது. 1974இல் வந்த சட்டம்தான் அமெரிக்காவில் இந்தக் குழுக்களை நிலைநிறுத்தியது. கடைசியாக ஆய்வேடு. புத்தகம்போல ஒரே நீளமாக எழுதலாம், தனித்தனியாக மூன்று கட்டுரைகளாகவும் எழுதலாம். பிறகு அதைக் கமிட்டியின் முன் நின்று காக்க வேண்டும். கையேடு ஐந்து ஆண்டு என்று சொல்லும், நடைமுறையில் ஆறோ ஏழோ ஆகும். பிரிட்டனில் கோர்ஸ்வொர்க் குறைவு, மூன்று நான்கு ஆண்டுகளில் ஆய்வேட்டை முடிக்கச் சொல்வார்கள். முடிவில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதில் தேர்வாளர்கள் இருவர், ஒருவராவது வெளியிலிருந்து வருவார். நெறியாளர் தேர்வாளர் ஆக முடியாது.

இந்த வரிசையில் மொழி எங்கே இருக்கிறது என்று தேடினால், கோர்ஸ்வொர்க்குக்கும் காம்ப்ஸுக்கும் இடையில் எங்கோ ஒரு வரியில் இருக்கும். சில துறைகளில் அந்த வரியும் இன்று இல்லை. என் துறையின் கையேட்டில் இருந்ததன் சாரம் இது: மாணவர் அயல்மொழி ஒன்றில் வாசிப்புத் திறன் காட்ட வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் புள்ளியியலில் கூடுதல் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். 'ஈடாக' என்ற அந்தச் சொல்லைக் கடந்து போக என்னால் இன்றுவரை முடியவில்லை.

ஈடானது எப்படி?

தொடக்கத்தில் ஈடு என்ற பேச்சே இல்லை. அமெரிக்க மண்ணில் முதல் பிஹெச்டி பட்டங்களை யேல் 1861இல் வழங்கியது. ஆராய்ச்சிக்கென்றே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1876இல் பிறந்தது. 1880இல் கொலம்பியாவில் அரசியல் அறிவியலுக்குத் தனிப்பள்ளி தொடங்கிய ஜான் பர்ஜெஸ், கோட்டிங்கனிலும் லைப்ஸிக்கிலும் பெர்லினிலும் படித்துவிட்டு வந்தவர். டாக்டரேட் என்ற ஏற்பாடே ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது என்பதால், அரசைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் படிக்க வேண்டியவையும் பெருமளவு ஜெர்மனிலும் பிரெஞ்சிலும்தான் கிடந்தன. ஆகவே அந்த இரண்டு மொழிகளையும் வாசிக்கத் தெரியாதவருக்குப் பட்டம் இல்லை என்றார்கள். அப்போது அது நியாயமான நிபந்தனை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காற்று மாறியது. யார் யாருக்கு வாக்களிக்கிறார்கள், ஏன் என்பதை ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு அட்டவணை போடும் காலம் வந்தது. சர்வேத் தரவுகளைப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ள 1962இல் மிச்சிகனில் ஒரு கூட்டமைப்பு உருவானது. அதன் கோடைகாலப் பயிற்சிக்கு இன்றும் உலகெங்குமிருந்து மாணவர்கள் போகிறார்கள். அதன்பின், அந்த ஜெர்மனை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் என்ன செய்யப்போகிறார், அந்த நேரத்தில் புள்ளியியல் படிக்கலாமே என்று துறைகள் யோசித்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். எண்களைப் படிக்கத் தெரியாமல் இந்தத் துறையின் பாதிக்கும் மேலான கட்டுரைகளைப் படிக்கவே முடியாது. அது எழுத்தறிவுதான்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில், 'மிஸ்டர் பெரஸ்த்ரோய்க்கா' என்ற பெயரில் யாரோ ஒருவர் அமெரிக்க அரசியல் அறிவியலாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். துறையின் முதன்மை ஆய்விதழும் சங்கமும் எண் சார்ந்த ஆய்வாளர்களின் கைக்குள் போய்விட்டன என்பது அதிலிருந்த குற்றச்சாட்டு. அது ஒரு இயக்கமாகவே வளர்ந்தது. நான் படிக்கப்போன காலத்திலும் தாழ்வாரங்களில் அந்தச் சண்டையின் சூடு இருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டால் எண்களின் பக்கம்தான் என்று சொல்லியிருப்பேன். கூடுதல் புள்ளியியல் பாடத்தை விரும்பித்தான் எடுத்தேன். அந்த வகுப்பும் அருமையான வகுப்பு. இன்றைக்கும் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறேன்.

மூன்று நெடுவரிசைகள்

என் ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவிலிருக்கும் செனகலைப் பற்றியது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அங்கே சேன்-லூயி, கோரே, ரூஃபிஸ்க், டக்கார் என்ற நான்கு நகரங்களுக்கு மட்டும் தனி அந்தஸ்து இருந்தது. அந்த நகரங்களில் பிறந்த ஆப்பிரிக்க ஆண்கள் நகராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கும் ஒரு பிரதிநிதியை அனுப்பினார்கள். நகர எல்லைக்கு வெளியே பிறந்தவருக்கு இதில் எதுவும் இல்லை. அவர் வெறும் ஆட்சிக்கு உட்பட்டவர். 1914இல் இந்த நகரங்களிலிருந்துதான் பிளேஸ் தியாஞ் தேர்வானார், பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். ஒரு பேரரசு மிகச் சிலருக்கு மட்டும் வாக்குரிமை தந்தால் அந்தச் சிலர் அதை எப்படிக் கையாள்வார்கள் என்பது என் கேள்வி. காம்ப்ஸுக்குப் படிக்கும்போது முளைத்தது. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பிடித்துப்போனது.

பழைய தேர்தல் முடிவுகளின் ஸ்கேன் பக்கங்கள் கிடைத்தன. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றினேன். பிரெஞ்சு தெரியாதே என்ற கவலை எனக்கு இல்லை. பக்கம் முழுக்க எண்கள்தானே, தலைப்புகள் மட்டும்தான் பிரெஞ்சில். அவை மூன்றே மூன்று: 'அன்ஸ்க்ரி', 'வோத்தான்', 'சுஃப்ராழ் எக்ஸ்ப்ரிமே'. இணைய மொழிபெயர்ப்பானில் போட்டேன். முதலாவது 'பதிவானவர்கள்', இரண்டாவது 'வாக்காளர்கள்', மூன்றாவது 'பதிவான வாக்குகள்' என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் வந்தன. எழுதிக்கொண்டேன்.

முதல் நெடுவரிசைதான் கொஞ்சம் இடித்தது. பதிவானவர்கள் என்றால் எதில் பதிவானவர்கள்? அந்த நகரங்களின் அரசியலைப் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் பிறப்புப் பதிவேடு ஒரு பெரிய விஷயம். இன்னார் இந்த நகரத்தில் பிறந்தவர் என்று எப்படி நிரூபிப்பது என்பதே அங்கே பெரிய சண்டை. ஆகவே அது நகரப் பதிவேட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. 'வோட்டர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் இரண்டு பக்கமும் சாயும், தமிழிலோ இன்னும் உறுதியாக ஒரே பக்கம்தான் சாயும். வாக்காளர் பட்டியல், புதிய வாக்காளர் சேர்க்கை, ஆண் வாக்காளர், பெண் வாக்காளர் என்று நாம் சொல்லும்போதெல்லாம் வாக்குரிமை உள்ளவரைத்தான் சொல்கிறோம். அன்றைக்கு அவர் சாவடிக்கு வந்தாரா இல்லையா என்ற கேள்வியே அந்தச் சொல்லில் கிடையாது. நான் அட்டவணையை ஆங்கிலத்தில் வைத்திருந்தேன், படித்தது தமிழில்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையில் 1000, இரண்டாவதில் 600, மூன்றாவதில் 580 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை எப்படிப் படித்தேன்? பதிவேட்டில் 1000 பேர், அவர்களில் 600 பேருக்குத்தான் வாக்குரிமை, அந்த 600இல் 580 வாக்குகள் விழுந்திருக்கின்றன. வாக்குரிமை குறுகலானது, ஆனால் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் வந்துவிடுகிறார்கள்! நகரத்துக்கு நகரம், ஆண்டுக்கு ஆண்டு இதே கதைதான். அரிதாகக் கிடைத்த உரிமையை மனிதர்கள் எவ்வளவு இறுகப் பற்றுகிறார்கள் என்று என் கோட்பாடு தானாகவே எழுந்து நின்றது. ரிக்ரஷன்கள் ஓட்டினேன். பிழை மதிப்பீடுகளை நகரவாரியாகத் திருத்தினேன். வகுப்பில் கற்றதை ஒன்றுவிடாமல் செய்தேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

ப்ராஸ்பெக்டஸ் அன்றைக்குக் கமிட்டியில் நால்வர். மூவர் எங்கள் துறை. நாலாமவர் வரலாற்றுத் துறையிலிருந்து வெளி உறுப்பினராக வந்தவர், அறுபதைத் தாண்டியவர், அதற்கு முன் அவரிடம் இரண்டு முறைதான் பேசியிருக்கிறேன். ஆறாவது ஸ்லைடில் அந்த வரைபடம். எல்லாக் கோடுகளும் மேலே, நூறை ஒட்டி. அதுவரை பேசாமல் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்த ஊரிலும், எந்த ஆண்டிலும் வருகை குறையவே இல்லை. அது உங்களுக்கு உறுத்தவில்லையா?" என்று கேட்டார். அதுதான் என் கண்டுபிடிப்பே என்றேன். "மூல அட்டவணை இருக்கிறதா?" இருந்தது, திரையில் போட்டேன். "அந்த நடு நெடுவரிசையின் தலைப்பைக் கொஞ்சம் வாசியுங்கள்." வாசித்தேன். உச்சரிப்புகூடச் சரியாக வரவில்லை. "அதற்கு என்ன பொருள்?" வாக்காளர்கள் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. என்னைச் சிறுமைப்படுத்தவும் இல்லை. "வந்து வாக்களித்தவர்கள்" என்று மட்டும் சொன்னார். "பட்டியலில் பெயர் உள்ளவர்கள், அதற்கு முந்தைய நெடுவரிசையில் இருக்கிறார்கள். கடைசி நெடுவரிசை செல்லுபடியான வாக்குகள்."

அந்த ஒரு நிமிடத்தில் என் தலைக்குள் அட்டவணை திரும்பி உட்கார்ந்தது. அதே 1000, 600, 580. பட்டியலில் 1000 பேர் இருந்தார்கள், 600 பேர் வந்தார்கள், அவர்கள் போட்டதில் 20 வாக்கு செல்லாதவை. வருகை 60 சதவீதம். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சாதாரணத் தேர்தல். நான் மாதக்கணக்கில் விளக்கிக்கொண்டிருந்தது செல்லாத வாக்குகள் குறைவாக இருந்த ஒரு விஷயத்தை. வாக்குரிமை குறுகல் என்று நான் காட்டியது, வீட்டிலிருந்து கிளம்பாமல் இருந்துவிட்டவர்களை.

என்னைத் தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது முடிவு எதிர்பார்த்ததுதான். முன்வரைவை அடுத்த பருவத்துக்குப் பிறகு மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். எல்லோரும் போன பின்னும் என் நெறியாளர் உட்கார்ந்திருந்தார். "இது உன் தப்பு மட்டும் இல்லை. அந்த மொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். உன் கேள்வி எந்த மொழியில் இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை" என்றார். அவர்மீது எனக்கு இன்றும் இருக்கும் மரியாதை அந்த வாக்கியத்தால் வந்தது.

இருக்கிறார்கள், இருந்தும் வருகிறார்கள்

எட்டு மாதம் பிரெஞ்சு படித்தேன். பட்ட மாணவர்களுக்கென்று நடக்கும் வாசிப்பு வகுப்பு அது. பேசக் கற்றுத்தர மாட்டார்கள், படிக்க மட்டும். வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்கள் மட்டுமே ஒரு மாதம் தின்றன. முதலில் அகராதியோடு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். பிறகு இருபது நிமிடம். அதற்கப்புறம்தான் பிரான்ஸின் தெற்கே எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் இருக்கும் கடல்கடந்த பிரதேசங்களுக்கான ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பெட்டிகளைத் திறந்தபோது, எண்களைவிட அதிகமாக இருந்தவை மனுக்கள். பட்டியலில் என் பெயரைச் சேருங்கள் என்றும், இன்னாரின் பெயரை நீக்குங்கள், அவர் இங்கே பிறக்கவில்லை என்றும். நான் சந்தேகப்பட்டு ஒதுக்கிய அந்த முதல் நெடுவரிசைக்குள் யார் நுழைவது என்பதுதான் அங்கே நடந்த அரசியல். யார் வந்து வாக்களித்தார்கள் என்பதைவிட யாருடைய பெயர் எழுதப்பட்டது என்பதே கேள்வி. என் ஆய்வேடு அந்தக் கேள்வியில்தான் முடிந்தது. என் பழைய எண்கள் அதற்குள் ஒரு அத்தியாயமாக, சரியான தலைப்புகளோடு, இருக்கின்றன.

ஒரு வரியை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 1916இல் தியாஞ் கொண்டுவந்த சட்டம் இந்த நகரங்களில் பிறந்தவர்களின் குடியுரிமையைப் பற்றியது. அந்தச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை 'வழங்கியது' என்றே நான் படித்திருந்தேன், குறிப்பும் அப்படித்தான் எடுத்திருந்தேன். மூலத்தைப் படித்தபோது அங்கே வழங்குதல் என்ற வினையே இல்லை. நான்கு நகரங்களில் பிறந்தவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் பிரெஞ்சுக் குடிமக்களாக 'சோன் ஏ தெமர்' என்று இருந்தது. இருக்கிறார்கள், தொடர்ந்து அவ்வாறே இருப்பார்கள். எங்களுக்கு நீங்கள் எதையும் தரவில்லை, எங்களிடம் ஏற்கெனவே இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த இரண்டு வினைச்சொற்களில் இருக்கும் வாதம். ராணுவச் சேவைக் கடமையையும் அதே வாக்கியத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள், உலகப்போரின் நடுவில். காப்பகத்தின் வாசிப்பறையில் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். எந்தப் புள்ளியியல் பாடமும் எனக்கு அதைக் காட்டியிருக்காது. எந்த ரிக்ரஷனும் அதைக் கேட்டிருக்காது.

அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் டாக்டரேட் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ரால்ஃப் பன்ச். 1934, ஹார்வர்ட். பின்னால் ஐ.நா.வில் சமாதானம் பேசி 1950இல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான். அவருடைய ஆய்வேடு டோகோ, டஹோமே (இன்றைய பெனின்) என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்கப் பிரதேசங்களில் பிரெஞ்சு நிர்வாகத்தை ஒப்பிட்டது. ஒன்று, ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேசச் சங்கத்தின் மேற்பார்வையில் பிரான்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது, மற்றது நேரடிக் குடியேற்றப் பிரதேசம். பெயரில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதே, ஆளப்படுபவருக்கு ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க அவர் பாரிஸுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்து எழுதினார். காகிதத்தில் ஒரு சொல், தரையில் வேறொன்று. அதைப் பிடிக்க அந்தக் காகிதத்தை அதன் மொழியிலேயே படித்தாக வேண்டும்.

இதற்காக எல்லோரும் பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தே தீர வேண்டும் என்ற பழைய காலத்துக்குத் திரும்பலாமா என்றால், மாட்டேன். எலினோர் ஆஸ்ட்ரமை எனக்கு எப்போதும் நினைவிருக்கும். பொருளாதாரத்தில் டாக்டரேட் படிக்க யு.சி.எல்.ஏ.வில் விண்ணப்பித்தார். போதுமான கணிதம் படிக்கவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அவர் ஏன் படிக்கவில்லை? பள்ளியில் பெண் பிள்ளைக்கு டிரிக்னாமெட்ரி எதற்கு என்று தடுத்திருந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் துறை அவரைச் சேர்த்துக்கொண்டது. தெற்குக் கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரை அதைப் பயன்படுத்துபவர்களே கூடிப் பேசி எப்படிக் காத்தார்கள் என்று ஆய்வு செய்து 1965இல் பட்டம் பெற்றார். 2009இல் அவருக்குக் கிடைத்தது பொருளாதார நோபல், அதைப் பெற்ற முதல் பெண். ஒரு நிபந்தனை கதவாக மட்டும் நிற்கும்போது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அவருடைய கேள்விக்கு அப்போது வேண்டியிருந்தது டிரிக்னாமெட்ரி இல்லை. கிணறு வைத்திருந்தவர்களின் கூட்டக் குறிப்புகளும் வழக்குக் கட்டுகளும், அவற்றைப் பொறுமையாகப் படிக்கும் ஒருவரும்தான்.

அதனால்தான் 'ஈடாக' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஒருவருக்கு மொழி வேண்டாம் என்று துறை முடிவு செய்வதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த முடிவை அவருடைய கேள்வியைப் பார்த்து எடுங்கள் என்கிறேன். முதலாண்டு மாணவரிடம், இன்னும் கேள்வியே பிறக்காத நேரத்தில், இரண்டு கட்டங்களைக் கொடுத்து எது என்று கேட்டால் அவர் சுலபமானதைத்தான் தேர்ந்தெடுப்பார். நானும் அதைத்தான் செய்தேன். கேள்வி பின்னால் வந்தது. அது வந்தபோது நான் நிபந்தனையை முடித்தவளாக இருந்தேன். அலுவலகப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒரு டிக் இருந்தது. அந்தப் படிவத்தை ப்ராஸ்பெக்டஸ் நேரத்துக்குத் தள்ளிவைத்து, இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக ஒரு வரி இடம் விட்டு, 'உங்கள் சான்றுகள் எந்த மொழியில் இருக்கின்றன?' என்று கேட்டிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

இதையெல்லாம் சுருக்கி அந்த மாணவிக்கு அனுப்பினேன். உன் கேள்வி என்ன, உன் சான்று எது, அது எந்த மொழியில் இருக்கிறது என்று முதலில் சொல், அப்புறம் கட்டத்தைப் பார்ப்போம் என்றேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் மக்கள் நீதிமன்றங்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்று ஒப்பிடப்போகிறாள். 1999இலிருந்து நடந்துவரும் ஆஃப்ரோபாரோமீட்டர் சர்வேத் தரவு, பல நாடுகள், பல சுற்றுகள். "அப்போ எனக்குப் புள்ளியியல்தானே அக்கா? எல்லா மொழியும் நான் படிக்க முடியாதே." நியாயமான பேச்சு. ஆமாம், புள்ளியியலையே எடு, நல்ல ஆசிரியரிடம் எடு என்று எழுதினேன். பிறகு இன்னொரு செய்தியும் போட்டேன். அந்த சர்வேயில் பேட்டி எடுப்பவர்கள் ஆட்களிடம் அவரவர் மொழியில்தான் கேட்கிறார்கள். 'நம்பிக்கை' என்ற அந்தக் கேள்வியை ஒவ்வொரு மொழியிலும் எந்தச் சொல்லை வைத்துக் கேட்டார்கள் என்று பார்த்தாயா? இரண்டு மொழிகளிலாவது, அந்த மொழி பேசும் ஒருவரை உட்காரவைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேள்.

நேற்று ராத்திரி ஒரு வரி வந்தது. உகாண்டாவின் லுகாண்டா மொழி பேசும் ஒரு வகுப்புத் தோழன் இருக்கிறானாம். சனிக்கிழமை நூலகத்தில் சந்திக்கிறார்களாம்.